எடை இறங்காத வாரங்கள்: உடல் பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மனம் தளராதிருக்க

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், தம் தொடர் வைப்புக் கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்று படிவத்துடன் நம் கிளைக்கு வந்தார். நாற்பது வயதை நெருங்கும் பெண்மணி. நாள்தோறும் விடியற்காலை இரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்புபவர். அந்தக் கணக்கைத் தொடங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. உடல் பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், அதன் பின்னர் ஆகும் பரிசோதனைச் செலவுக்கும் மாத்திரைச் செலவுக்கும் என்றே அவர் திட்டமிட்டுத் தொடங்கிய கணக்கு அது.

“சார், இத முடிச்சுக் குடுத்துடுங்க. இனிமே டெஸ்டுக்கும் போகப் போறதில்ல, மாத்திரையும் வாங்கப் போறதில்ல” என்றார்.

காரணம் கேட்டோம். அறுவைச் சிகிச்சை முடிந்து பதினோரு வாரங்கள் ஆகியிருந்தன. அவற்றுள் கடைசி மூன்று வாரங்களாக எடை அசையவே இல்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. வீட்டில் அனைவரும் உண்ண உட்காரும்போது தமக்கு மட்டும் அரைக் கிண்ணம். இவற்றுக்கு மேல், “வயித்த வெட்டிக்கிட்டதுதான் மிச்சம்” என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார்.

முதிர்வுக்கு முன் கணக்கை முடித்தால் வட்டி குறையும் என்று சொல்வது நம் கடமை, சொன்னோம். ஆயினும் அன்று அவர் இழக்கவிருந்தவற்றுள் வட்டி மிகச் சிறியது. மருத்துவக் கண்காணிப்பையே கைவிட அவர் முடிவு செய்திருந்தார். இச்சிகிச்சை பெற்றோர் செய்யக்கூடிய தவறுகளுள் பெரியது அது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அவருடைய இசைவுடனும், அவரை அடையாளம் காட்டும் செய்திகளைத் தவிர்த்தும், இக்கட்டுரையை எழுதுகிறோம். இச்சிகிச்சை பெற்றவர்களும், பெறவிருப்பவர்களும், அவர்தம் குடும்பத்தினரும் நம் வாடிக்கையாளரிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். நாம் மருத்துவர் அல்லர். மருத்துவக் குழுக்கள் பொதுவாக அறிவுறுத்துவனவற்றையும், வெளியான ஆய்வுகள் கூறுவனவற்றையும் ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே நம் நோக்கம்.

சிகிச்சை செய்வது என்ன?

நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழல் மட்டும் எஞ்சுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவே ஆன சிறு பை ஒன்று அமைக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. பசியையும் நிறைவையும் உணர்த்தும் சுரப்புகளும் மாறுகின்றன. ஆகவேதான் பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளர் பலருக்கு, எடை பெரிதாக இறங்கும் முன்னரே, சில நாள்களில் சர்க்கரை அளவு குறையத் தொடங்குகிறது.

இது குறுக்கு வழி என்றும், நாவடக்கம் இல்லாதவர் நாடுவது என்றும் ஒரு பேச்சு உண்டு. பொதுவாழ்வில் உள்ளோரும் இச்சிகிச்சையைப் பெற்றுள்ளனர். 2011இல் நிதின் கட்கரி அவர்களும், 2014இல் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெய்ட்லி அவர்களும் இதனைச் செய்துகொண்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்ததே. மறைப்பதற்கோ வெட்கப்படுவதற்கோ இதில் ஏதுமில்லை. எளிய வழி என்று கூறுவோர், சிகிச்சைக்குப் பிந்திய முதல் ஆறு மாதங்களை அருகிலிருந்து கண்டிருக்க மாட்டார்கள்.

எடை நின்றுபோவது ஏன்?

அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் இரு வாரங்களில் எடை வேகமாக இறங்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் உடல் ஈரலிலும் தசைகளிலும் மாவுச்சத்தைக் ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்தே தங்குகிறது. உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் இச்சேமிப்பைச் செலவழிக்கிறது. உடன் இருந்த நீரும் வெளியேறுகிறது. அந்நாள்களில் எடைக் கருவி காட்டும் இறக்கத்தில் கணிசமான பகுதி நீரே ஆகும்.

மூன்றாம் வாரத்தை ஒட்டி உடல் புதிய உணவளவுக்குப் பழகி, இச்சேமிப்பையும் நீரையும் ஓரளவு மீட்டுக்கொள்கிறது. அவ்வேளையில் கொழுப்பு கரைந்துகொண்டே இருப்பினும், நீர் ஏறுவதால் எடை நின்றது போல் தோன்றும். இத்தகைய தேக்கம் பின்னரும் வரலாம்; இரண்டாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ இரண்டு மூன்று வாரங்கள் நீடிப்பதும் உண்டு. எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைவதால், இறங்கும் வேகம் மாதந்தோறும் தணிவது இயல்பே.

வங்கி மொழியில் சொல்வதானால், பணி ஓய்வு பெற்றவரின் கணக்கில் முதலில் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் மொத்தமாக வரவாகின்றன. அதன் பின்னர் மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. முதல் மாத வரவை அளவுகோலாகக் கொண்டு இரண்டாம் மாத வரவைப் பார்ப்பவர், தமக்கு ஏதோ குறைத்துவிட்டார்கள் என்றே எண்ணுவார். குடும்பத்தை நடத்தப்போவது பின்னர் வரும் சிறு தொகைதான்.

ஆகவே எடையை நாள்தோறும் பார்க்க வேண்டா. வாரத்தில் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், ஒரே கருவியில் பார்த்துக் குறித்துக்கொள்வது போதும். ஒரு வாரத்து எண்ணை முந்திய வாரத்து எண்ணுடன் மட்டும் ஒப்பிடாமல், நான்கு வாரத்துக்கு முன்னிருந்த எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு தலைப்பை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்கலாகாது

ஒரு நிறுவனத்தின் நிலையை அறிய விரும்புபவர் கையிருப்பு ரொக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடன் எவ்வளவு குறைந்தது, சொத்து எவ்வளவு சேர்ந்தது, வரவேண்டியது எவ்வளவு என்று இருப்புநிலைக் குறிப்பு முழுவதையும் பார்க்கிறார். உடலின் கணக்கிலும் எடை ஒரு தலைப்பு மட்டுமே.

நம் வாடிக்கையாளரிடம் அன்று ஒரு தாளைத் தந்து, எடையைத் தவிர்த்து மற்றவற்றை எழுதச் சொன்னோம். முதலில் தயங்கினார், பிறகு எழுதினார். சர்க்கரைக்கு உட்கொண்ட இரண்டு மாத்திரைகளுள் ஒன்றை மருத்துவர் நிறுத்திவிட்டார். இரயில் நிலையப் படிக்கட்டில் முன்பு இரண்டிடங்களில் நின்று மூச்சு வாங்குவார். இப்போது ஓரிடத்திலும் நிற்பதில்லை. இரவில் குறட்டை குறைந்திருப்பதாக மகள் சொல்லியிருந்தாள். எடை நின்றிருந்த அதே மூன்று வாரங்களில் இரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. எழுதி முடித்த பின் தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய குறிப்பேடு ஒன்றை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்வது நல்லது. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, நடக்க முடிந்த தொலைவு, உறக்கம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். எடை நின்ற மாதத்தில் பிற தலைப்புகள் பேசும்.

நீண்ட காலக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,000க்கும் மேற்பட்டோரையும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வழக்கமான சிகிச்சை பெற்றோரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. எடை இழப்பு முதல் ஓரிரு ஆண்டுகளில் உச்சத்தை அடைந்து, பின்னர் ஓரளவு மீண்டும் ஏறியது. எனினும் பத்தாம் ஆண்டில் பைபாஸ் செய்துகொண்டோர் தம் தொடக்க எடையில் சராசரியாக 25 விழுக்காடு குறைந்தே இருந்தனர். 110 கிலோ எடையுள்ளவருக்கு இது 27 கிலோவுக்கும் மேல். வழக்கமான சிகிச்சை பெற்றோரின் எடையோ பெரிதாக மாறவில்லை. அறுவைச் சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு விகிதமும் குறைந்திருந்ததாக 2007இல் அறிவிக்கப்பட்டது. இந்நீண்ட காலக் கணக்கில் மூன்று வாரத் தேக்கம் எவ்வளவு சிறியது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

செலவழித்தது வீணோ?

“இவ்வளவு பணம் கொட்டியும் பயனில்லையே” என்ற எண்ணம் இக்காலத்தில் பலரை வாட்டுகிறது. தங்கவயலின் தொடக்க வரலாறே இதற்கு ஒரு விடை தருகிறது. 1880இல் தொடங்கப்பட்ட மைசூர் சுரங்க நிறுவனம் முதல் சில ஆண்டுகளில் முதலீட்டின் பெரும்பகுதியைச் செலவழித்தும் சொல்லத்தக்க தங்கத்தைக் காணவில்லை. நிறுவனத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு பங்குதாரரிடையே எழுந்தது. எஞ்சிய தொகையைக் கொண்டு மேலும் முயலலாம் என்று ஜான் டெய்லர் அவர்களை இசையச் செய்தார். சுரங்க அதிகாரி பிளம்மர், பண்டைக்காலத்தார் தோண்டி விட்டிருந்த பழங்குழிகளை மீண்டும் ஆராய்ந்து அவற்றைப் பின்தொடர்ந்தார். 1880களின் நடுவில் ‘சாம்பியன்’ தங்கப்படுகை கண்டறியப்பட்டது.

காத்திருந்ததால் மட்டும் தங்கம் கிடைத்துவிடவில்லை. மீண்டும் சென்று ஆராய்ந்ததால் கிடைத்தது. எடை நின்றபோது நாம் செய்யவேண்டியதும் அதுவே. மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் சென்று, புரதம் போதுமா, நீர் போதுமா, இனிப்புப் பானம் எங்கேனும் நுழைந்துவிட்டதா, நடை குறைந்துவிட்டதா, புதிய மருந்து ஏதேனும் எடையைப் பிடித்து நிறுத்துகிறதா என்று ஆராய வேண்டும்.

முடி உதிர்வும் சோர்வும்

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி உதிர்வது பலருக்கும் நேர்வது. பெரிய அறுவைச் சிகிச்சை, கடுங்காய்ச்சல், மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின்னும் இவ்வாறே நிகழ்கிறது. உடல் பேரதிர்ச்சிக்கு உள்ளாகும்போது முடிவேர்கள் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து உதிர்கின்றன. வேர் அழிவதில்லை என்பதால் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளர்கிறது. உதிர்வு நீடித்தால் இரும்புச்சத்து, துத்தநாகம், புரதம் ஆகியவற்றின் குறைபாட்டைச் சோதிக்க வேண்டும்.

உணவின் அளவைக் காட்டிலும் அதன் தன்மையே இக்காலத்தில் முக்கியம். பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. முட்டை, மீன், தயிர், பனீர், பருப்பு, சுண்டல் ஆகியவற்றை முதலில் உண்டு, களியோ சோறோ அதன் பின்னர் இடமிருந்தால் உண்பது முறை. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளதால், மருத்துவர் சொல்லும் புரதப் பொடியை வீண்செலவு என்று விலக்கலாகாது. உணவுடன் நீர் அருந்தாமல், அரைமணி நேரம் இடைவெளி விட்டு நாள் முழுவதும் சிறு சிறு மிடறாக அருந்த வேண்டும்.

வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுள் மருத்துவர் குறித்துத் தருபவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இவற்றை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்து இரத்தச்சோகையாகவும், நரம்புத் தளர்ச்சியாகவும், எலும்பு மெலிவாகவும் விளைவு வெளிப்படும். அப்போது தோன்றும் களைப்பையும் “என் மனம் தளர்ந்துவிட்டது” என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர்.

மனமும் ஒரு மாற்றத்தைக் கடக்கிறது. நம் இல்லங்களில் மகிழ்ச்சிக்கும் உணவு, துயருக்கும் உணவு, களைத்து வருபவருக்கும் முதலில் உணவு. பல்லாண்டுகளாக ஆறுதலாய் இருந்த ஒன்று ஒரே நாளில் கைவிட்டுப் போகிறது. அந்த இழப்புக்காக வருந்துவது பலவீனம் ஆகாது. “ஏன் செய்துகொண்டேன்” என்ற எண்ணம் முதல் வாரங்களில் பலருக்கும் எழுகிறது. உணவின் இடத்தில் வேறு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஒருவருடன் சேர்ந்து நடப்பது, கைத்தொழில், பாட்டு, தேவாலயத்திலோ கோயிலிலோ செய்யும் தொண்டு என்று அது எதுவாகவும் இருக்கலாம். மது மட்டும் கூடாது. இச்சிகிச்சைக்குப் பின், குறிப்பாக பைபாஸ் முறைக்குப் பின், மது இரத்தத்தில் விரைவாகக் கலக்கிறது. அடிமைத்தனத்துக்கு ஆளாகும் வாய்ப்பும் கூடுகிறது.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

மேற்கூறியவை நாளடைவில் தணிபவை. சில அறிகுறிகளுக்கு மட்டும் பொறுமை உதவாது. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் வீக்கமும் வலியும் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் ஓரிரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. வைட்டமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும் இடர் அதில் உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளின் அளவு மாறவேண்டி வரும். அதனை மருத்துவரே மாற்ற வேண்டும். மனநல மருந்து உட்கொள்வோர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதன் அளவைப் பற்றி மருத்துவரிடம் மறவாமல் கேட்க வேண்டும்.

மனத்துக்கும் அவசர நிலை உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இச்சிகிச்சை பெற்ற 8,815 பேரை ஆராய்ந்தபோது, தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தோரின் விகிதம், சிகிச்சைக்கு முந்திய மூன்றாண்டுகளைவிடப் பிந்திய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தது. எண்ணிக்கையில் இவர்கள் மிகச் சிலரே. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு நான்கு நிகழ்வுகளுக்கும் குறைவு. எனினும் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, அழுகை, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் தயங்காமல் உதவி நாட வேண்டும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தங்கவயலில் உள்ளோர்க்குப் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளது.

செலவும் காப்பீடும்

மனச்சோர்வுக்குப் பணக்கவலை எண்ணெய் ஊற்றுகிறது. எனவே இதனை முன்னரே திட்டமிடல் நலம். மருத்துவக் காப்பீட்டில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என்பது பற்றிக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் நிபந்தனைகளை வகுத்தது. மருத்துவரின் பரிந்துரை வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உடல் நிறைக் குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 1.55 மீட்டர் உயரமும் 104 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 43 ஆகும். கட்டுப்படாத நீரிழிவு, இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றவை இருந்து, பிற சிகிச்சைகள் பயன் தராதபோது 35 போதுமானது. பாலிசிக்குப் பாலிசி காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் வேறுபடும் என்பதால், நாள் குறிக்கும் முன்பே முன்னனுமதி கேட்பது நல்லது. வீடு திரும்பிய பின்னரும் குறிப்பிட்ட நாள்கள் வரை ஆகும் செலவைப் பல பாலிசிகள் ஈடுசெய்கின்றன. ஆகவே பரிசோதனை இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மாத்திரை, புரதப் பொடி, இரத்தப் பரிசோதனை ஆகியவை காப்பீட்டுக்குப் பின்னரும் தொடரும் செலவுகள். உங்கள் மருந்துச் சீட்டைக் கொண்டு ஓராண்டுச் செலவைக் கணக்கிட்டு, பன்னிரண்டால் வகுத்து, அத்தொகைக்குத் தனியே ஒரு தொடர் வைப்பு தொடங்குங்கள். சோதனைக்கு நாள் வரும்போது பணம் தயாராக இருப்பின், போகாமல் இருப்பதற்கான காரணங்களுள் ஒன்று குறையும்.

இல்லத்தாருக்கு

“எத்தனை கிலோ குறைந்தது?” என்று வாரந்தோறும் கேட்பதைத் தவிருங்கள். திருமண வீட்டில் “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்துவது அன்பின் அடையாளமே. ஆனால் அவருக்கு அந்த ஒரு கரண்டி வலியையும் வாந்தியையும் தரும். அரைக் கிண்ணம் உண்பவரைத் தனியே அமர்த்தாமல், உங்களுடன் அமர்த்தி, அவர் மெதுவாக உண்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருங்கள். மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் உடன் செல்லுங்கள்.

நம் வாடிக்கையாளர் அன்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சென்றார். அடுத்த வாரம் மகளுடன் பெங்களூரு சென்று பரிசோதித்ததில் இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைந்திருந்தது தெரியவந்து, மருத்துவர் மாத்திரைகளை மாற்றித் தந்தார். எடை மீண்டும் இறங்கத் தொடங்கியது. முன்போல் வேகமாக அன்று, சிறிது சிறிதாக. இடையில் மேலும் ஒருமுறை நின்றதாகவும், அம்முறை தாம் அஞ்சவில்லை என்றும் பின்னர் கூறினார். அந்தத் தொடர் வைப்பு இன்றும் நடப்பில் உள்ளது.